பண்ணை விளையாட்டை எப்போது நிறுத்துவது

பண்ணை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நிலத்தை உழுது, விதைத்து, விளைந்ததை அறுத்து விற்றால் காசு வரும். அந்தக் காசில் இன்னும் கொஞ்சம் விதை, ஒரு மாடு, ஒரு கொட்டகை, பக்கத்து நிலம். அந்த நிலத்தில் மறுபடி உழவு. வெற்றி, தோல்வி என்று அறிவிக்க ஆள் இல்லை. சதுரங்கத்தில் ராஜாவுக்கு வழி அடைபட்டால் ஆட்டம் முடிகிறது. கிரிக்கெட்டில் ஓவர் தீர்ந்தால் முடிகிறது. இங்கே பெரும்பாலும் ஆடுகிறவரே பார்த்து முடித்தால்தான் உண்டு. அந்த முடிவு வராமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆடுவோர் ஏராளம். பிடித்து ஆடுகிறவர்கள் ஆடட்டும். பிடிப்பு விட்டுப்போன பிறகும் விடமுடியாமல் ஆடுகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் மனக்கட்டுப்பாட்டைப் பற்றியது. அது பாதி உண்மைதான். எங்கே நிறுத்த முடியும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அந்த விளையாட்டுக்குள் யாருடைய கடிகாரம் ஓடுகிறது என்பதே.

சில விளையாட்டுகளில் ஆடுகிறவர் எழுந்து போனதும் காலமும் நின்றுவிடும். சிலவற்றில் அவர் தூங்கும்போதும் பயிர் வளரும், முற்றும், வாடும். இன்னும் சிலவற்றில் இத்தனை ஆண்டு என்று முதலிலேயே கெடு வைத்திருப்பார்கள். இந்த மூன்று வகைக்கும் கலிபோர்னியாவின் பே ஏரியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள்ளேயே மூன்றின் வரலாற்றையும் பார்த்துவிடலாம்.

முடிவே இல்லாத விளையாட்டு என்ற எண்ணம் வீட்டுக் கணினியில் பெரிதாகக் காலூன்றியது ஒரிண்டா என்ற சிற்றூரில். பெர்க்லி குன்றுகளுக்குக் கிழக்கே இருக்கிறது அது. வில் ரைட் 1984இல் வெளிவந்த ஒரு ஹெலிகாப்டர் சண்டை விளையாட்டை உருவாக்கியபோது, தீவுகளைக் குண்டு போட்டு அழிப்பதைவிட அவற்றில் சாலையும் கட்டடமும் வைப்பதே தனக்கு அதிகம் பிடிக்கிறது என்று கண்டுகொண்டார். அதிலிருந்து வளர்ந்தது நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டி. பதிப்பாளர்கள் தயங்கினார்கள். ஜெயிப்பது எப்படி, தோற்பது எப்படி என்று இல்லாத ஒன்றை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. ரைட்டும் ஜெஃப் பிரானும் 1987இல் மேக்சிஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1989இல் அதை வெளியிட்டார்கள். 1993இல் ஒரிண்டாவில் இருந்த அதே நிறுவனத்திலிருந்து சிம்ஃபார்ம் வந்தது. அமெரிக்காவின் ஏதாவது ஒரு தட்பவெப்பப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, கடன் வாங்கி, பயிர் வைத்து, வறட்சியையும் பூச்சியையும் சமாளித்துப் பண்ணை நடத்தும் விளையாட்டு அது.

சிம்ஃபார்முக்கு முடிவில்லை. ஆனால் அதை விடுவதில் யாருக்கும் பெரிய தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. கணினியை அணைத்தால் பண்ணையும் அப்படியே நின்றது. ஆறு மாதம் கழித்துத் திறந்தால், நிறுத்திய நாளிலேயே கோதுமை நின்றுகொண்டிருக்கும். அலுப்புத் தட்டியதும் வேறு வேலைக்குப் போய்விடலாம், அதற்கு எந்த அபராதமும் கிடையாது. ஆகவே முடிவில்லாமை மட்டுமே ஆளைக் கட்டிப்போடுகிறது என்று சொல்ல முடியாது. கட்டிப்போடும் கயிறு பின்னால் வந்தது.

அதற்கு முன் கெடு வைத்த வகை. யசுஹிரோ வாடா ஜப்பானின் தெற்கே மியாசகியில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தவர். ஊர் நினைப்பு அவரை விடவில்லை. சண்டையே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்தார். 1996இல் ஜப்பானில் வெளியான அது, அடுத்த ஆண்டு ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. அதை அங்கே வெளியிட்ட நாட்சுமே நிறுவனம் இருந்தது சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே பர்லிங்கேமில். முதல் ஹார்வெஸ்ட் மூனில் ஆட்டக் காலம் இரண்டரை ஆண்டு. அதற்குள் நிலத்தைச் சீர்செய்து, மாடு வளர்த்து, விரும்பினால் திருமணம் செய்து, ஊராரோடு பழகிக்கொள்ள வேண்டும். கெடு முடிந்ததும், நடத்திய வாழ்க்கைக்கு ஏற்ற முடிவுக் காட்சி. அவ்வளவுதான்.

கெடு இருப்பதால் விளையாட்டின் குணமே மாறுகிறது. கடைசிப் பருவத்தில் புது மரம் நடுவதில் பொருளில்லை என்று ஆடுகிறவருக்கே தெரியும். எதைச் செய்வது, எதை விட்டுவிடுவது என்று அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பின்னர் வந்த பாகங்கள் பலவற்றில் கெடு தளர்ந்தது. முடிவுக் காட்சி ஓடிய பிறகும் தொடர்ந்து ஆடலாம் என்று ஆனது. ரசிகர்கள் கேட்டது அதைத்தான். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆசையாக வளர்த்த பண்ணையை யாருக்கும் விட்டுவர மனம் வராது. ஆனால் எப்போது எழுந்து போவது என்ற தீர்மானம், அதுவரை ஆக்கியவர் கையில் இருந்தது, அன்றிலிருந்து ஆடுகிறவர் கைக்கு வந்துவிட்டது.

இனி ஃபார்ம்வில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறுத்துவது மிகக் கடினமாக இருந்த பண்ணைகளில் அது ஒன்று.

மார்க் பின்கஸ் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஜிங்கா நிறுவனம் 2009 ஜூன் 19 அன்று ஃபார்ம்வில்லைப் பேஸ்புக்கில் இறக்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த சில இளைஞர்களின் சிறு நிறுவனத்தை ஜிங்கா வாங்கியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த நிரல்களின் மேல் சுமார் ஐந்தே வாரத்தில் இது கட்டப்பட்டது. முதல் நாளில் 18,000 பேர். நான்காம் நாளில் 10 லட்சம். உச்சத்தில் நாளொன்றுக்கு 3.2 கோடிப் பேர், மாதத்துக்கு 8 கோடிக்கும் மேல். 2011இல் பேஸ்புக்கின் மொத்த வருவாயில் 12 சதவீதம் ஜிங்கா வழியாக வந்தது என்று பேஸ்புக் பங்குச் சந்தைக்கு வருமுன் தாக்கல் செய்த ஆவணமே சொல்கிறது. 2011 டிசம்பரில் பங்கு ஒன்று 10 டாலர் என்று சந்தைக்கு வந்த ஜிங்கா 100 கோடி டாலர் திரட்டியது. உழாத உழவுக்கு இத்தனை பணம்.

அந்தப் பண்ணை நிலத்தின் ஒரு கட்டத்தை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். உழுவதற்கு 15 காசு. ஸ்ட்ராபெரி விதைக்கு 10. நான்கு மணி நேரத்தில் பழுக்கும், விற்றால் 35. ஆக ஒரு கட்டத்துக்கு லாபம் 10 காசு. இது முழுவதும் சொடுக்கு வேலைதான்: உழ ஒரு சொடுக்கு, விதைக்க ஒரு சொடுக்கு, அறுக்க ஒரு சொடுக்கு, கட்டத்துக்குக் கட்டம். நான்கு மணி நேரத்தில் வர முடியாதவர் பூசணி போடலாம், அதற்கு எட்டு மணி நேரம். நெல்லுக்குப் பன்னிரண்டு. கத்தரிக்கு இரண்டு நாள். கோதுமைக்கு மூன்று நாள். பழுத்ததை உரிய நேரத்தில் அறுக்காவிட்டால் பயிர் வாடிப் பழுப்பாகிவிடும். வாடியதற்குக் காசு கிடையாது, விதைக்காசு போனது போனதுதான், மறுபடி உழ இன்னொரு 15. வாடிய பயிரை உயிர்ப்பிக்கும் மருந்தும் பிற்பாடு விற்கப்பட்டது, உண்மையான பணத்துக்கு.

வாடுகிற பயிரை விட்டுப் போவதுதான் இதில் கடினமான இடம். கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி பெரிது என்று டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 35 காசு கிடைக்கும் என்பதற்காகக் காலை ஐந்து மணிக்கு எழாதவர், வைத்த பயிர் கருகிவிடும் என்பதற்காக எழுந்தார். அதற்கு மேல் அண்டை வீட்டார். ஃபார்ம்வில்லில் நிலம் பெரிதாக்க அண்டை வீட்டார் எண்ணிக்கை வேண்டும். அவர்கள் பரிசு அனுப்புவார்கள், வந்து உரம் போட்டுப் போவார்கள், திரும்ப அவர்களுக்கும் செய்ய வேண்டும். கல்யாண வீட்டு மொய்க் கணக்கை அறிந்த தமிழருக்கு இதன் பிடி எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. பே ஏரியாவின் பிரீமாண்டில் இருக்கும் மகளும் சென்னையில் இருக்கும் அம்மாவும் அடுத்தடுத்த பண்ணைக்காரர்களாக இருக்க முடிந்தது. இங்கே கோடைக்காலத்தில் இரவு 8 மணி என்றால் அங்கே மறுநாள் காலை 8:30. ஒருவர் படுக்கப் போகும் நேரத்தில் மற்றவர் வந்து உரம் போட்டுவிட்டுப் போகலாம். ஆடுவதை நிறுத்துவது பயிரை மட்டும் விடுவதாக இல்லாமல், ஆளைக் கைவிடுவது போலவும் தோன்றத் தொடங்கியது அதனால்தான்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான இன்னொன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. நான்கு மணி, எட்டு மணி, மூன்று நாள் என்று பயிர்களின் காலம் வெவ்வேறாக இருப்பதால், எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் அறுத்து முடிந்து கிடக்கும் தருணம் தானாக வரவே வராது. ஸ்ட்ராபெரி பழுக்கும்போது கோதுமை பாதியில் நிற்கும். கோதுமை முற்றும்போது பூசணி முளைத்திருக்கும். எந்த நேரத்தில் எழுந்தாலும் ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டுத்தான் எழ வேண்டும்.

உண்மையான உழவில் அப்படியில்லை. காவிரிப் படுகையில் சம்பா தையில் அறுப்புக்கு வரும். அறுக்கப்போகும் வயலிலேயே உளுந்தோ பயறோ தெளிப்பார்கள். அதுவும் முடிந்தால் கோடையில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வரும்வரை விதைக்கச் சொல்லி யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. பே ஏரியாவிலும் இதைப் பார்க்கலாம். சன்னிவேல் நகராட்சி பழைய தோட்டங்களின் நினைவாக நகர நடுவே 10 ஏக்கர் ஆப்ரிகாட் தோப்பை வைத்திருக்கிறது. கோடையில் சில வாரங்கள் பழம், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் அங்கே பறிக்க எதுவும் இல்லை. உழவரை நிறுத்தச் சொல்வது பருவமும் நீரும். ஃபார்ம்வில் உழவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, இந்த ஒன்றைத் தவிர.

இந்த ஆட்டமுறையைத் தோலுரித்துக் காட்ட ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் இயன் போகோஸ்ட் 2010 ஜூலையில் கவ் கிளிக்கர் என்று ஒன்றைச் செய்தார். ஒரு மாடு இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சொடுக்கலாம். வேறு எதுவுமே கிடையாது. கேலிக்காகச் செய்தது, ஆனால் ஆயிரக்கணக்கானோர் உண்மையாகவே ஆட ஆரம்பித்தார்கள். 2011 செப்டம்பர் 7 அன்று அவர் எல்லா மாடுகளையும் நீக்கிவிட்டார். மாடு நின்ற வெற்றிடத்தை அதன் பிறகும் சிலர் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் பார்க்க எதுவும் மிச்சமில்லாவிட்டாலும் பழக்கம் மட்டும் தனியே ஓடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அலுத்தால் தானாக விட்டுவிடுவோம் என்று நம்பிக் காத்திருப்பது பலருக்கும் உதவாததற்குக் காரணம் இதுவே.

நிஜக் கடிகாரப் பண்ணையை நிறுத்துவதற்கு ஃபார்ம்வில்லிலேயே ஒரு வழி இருந்தது. பயிர்தான் வாடும், மரங்கள் வாடா, மாடுகளும் சாகா. எப்போது வந்தாலும் பழமும் பாலும் காத்திருக்கும். படிப்படியாகக் குறைக்க நினைப்பவர் முதலில் குறுகிய காலப் பயிரை விட்டு மூன்று நாள், நான்கு நாள் பயிருக்கு மாறலாம். பிறகு ஒவ்வொரு கட்டமாக அறுத்து, மறுபடி விதைக்காமல் மரம் நடலாம். கடைசிக் கட்டமும் வெறுமையானதும் அபராதம் என்ற ஒன்றே இல்லாமல் போகும். அதன் பிறகு திறப்பதும் திறக்காததும் முழுக்க விருப்பம்தான். அண்டை வீட்டாருக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. மொய் பாக்கி என்ற உறுத்தல் அதோடு தீரும். இதே முறை பின்லாந்தின் சூப்பர்செல் 2012இல் வெளியிட்ட ஹே டே முதலான பல கைப்பேசிப் பண்ணைகளுக்கும் பொருந்தும்: புதிதாக எதையும் தொடங்காமல், தொடங்கியதை மட்டும் முடித்துக்கொண்டே வருவது.

இன்று பே ஏரியாத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் ஆடுவது வேறு பண்ணை. சான் மடேயோவைத் தலைமையிடமாகக் கொண்ட ராப்லாக்ஸ் விளையாட்டுத் தளத்தில் 2025 மார்ச்சில் க்ரோ எ கார்டன் வெளியானது. அந்த ஜூன் மாதத்தில் ஒரே நேரத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குள் இருந்தார்கள். இதில் தளத்தை மூடிவிட்டுப் போனாலும் செடி வளரும், வாடுவதும் இல்லை. அந்த வகையில் ஃபார்ம்வில்லைவிட நல்லதுதான். ஆனால் விதைக் கடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சரக்கு மாறும். அரிய விதை எப்போது வரும் என்று தெரியாது. வார இறுதியில் புதுப்புதுச் சேர்க்கைகள் வேறு. இழந்துவிடுவோமோ என்ற பயம் போய், தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் வந்திருக்கிறது. ‘இன்னும் அஞ்சே நிமிஷம்ப்பா’ என்று பிள்ளை கெஞ்சுவது சோம்பலால் அல்ல. கடையின் சுற்றே ஐந்து நிமிடம். அந்தச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது முன்பு இருந்த அதே நிலைதான் மறுபடி. இங்கே நிறுத்தும் இடத்தை விளையாட்டுக்குள் தேடிப் பயனில்லை. வெளியிலிருந்துதான் வைக்க வேண்டும்: இரவுச் சாப்பாடு, தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், எது வசதியோ அது. பெரியவர்கள் அதை ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும், நடுவில் அல்ல.

ஸ்டார்டியூ வேலியின் கதை முற்றிலும் வேறு. சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் படமும் இசையும் நிரலுமாகச் சுமார் நாலரை ஆண்டு தனியாளாக உழைத்து 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். ஹார்வெஸ்ட் மூன் மேல் கொண்ட பிரியத்தில் பிறந்தது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். அதன் பிறகு வந்த பெரிய சேர்க்கைகள் எல்லாம் இலவசம். நிறுத்திவிட்டுப் போனால் காலம் நின்றுவிடும். செடி வாடாது, மாடு பட்டினி கிடக்காது. ஆகவே இதை விடுவது எளிதாக இருக்க வேண்டும். பலருக்கு எளிதாக இல்லை.

காரணம் அதன் நாள் அமைப்பு. காலை 6 மணிக்கு எழுந்தால் நள்ளிரவு தாண்டி 2 மணிக்குள் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுவார். விளையாட்டின் பத்து நிமிடம் நிஜத்தில் ஏறக்குறைய 7 விநாடி. ஆக ஒரு நாள் என்பது சுமார் 14 நிமிடம். படுத்ததும் ஆட்டம் சேமிக்கப்படும், அன்றைய விற்பனைக் கணக்கு வரும், உடனே அடுத்த காலை விடிந்துவிடும். தொலைக்காட்சியில் வானிலை சொல்வார்கள். முன்பு வைத்த முலாம்பழம் இன்று பழுத்திருக்கும். நிறுத்தச் சரியான இடம் இரவு. ஆனால் இரவுக்கும் காலைக்கும் நடுவே இடைவெளி அநேகமாக இல்லை. இன்னும் ஒரே ஒரு நாள் என்று தொடங்கி நிஜ இரவு இரண்டு மணியாகிவிடுவது ஸ்டார்டியூ ஆடுகிறவர்களுக்குப் பழகிய அனுபவம். இதற்கு ஒரு சிறு உத்தி உதவும்: விளையாட்டில் படுக்கும்போது அல்ல, படுக்குமுன் வீட்டுக் கதவருகே நிற்கும்போதே இதுதான் கடைசி என்று தீர்மானித்துவிடுவது. காலை விடிந்த பிறகு தீர்மானிக்க முயல்வது தாமதம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. கணினியிலும் டிவியில் இணைக்கும் கருவிகளிலும் இந்த விளையாட்டு படுக்கும்போது மட்டுமே சேமிக்கும். பகலில் பிடுங்கி அணைத்தால் அந்த நாளின் வேலை முழுவதும் போய்விடும். பிள்ளை அழுவதற்கு நியாயம் உண்டு. மணி ஏழானதும் நிறுத்து என்பதைவிட, இந்த நாள் முடிந்து படுத்ததும் நிறுத்து என்றால் சண்டை பாதியாகக் குறையும். அதிகபட்சம் 14 நிமிடம்தானே.

அன்றன்று நிறுத்துவது ஒரு பக்கம். ஒட்டுமொத்தமாக எப்போது விடுவது என்பதற்கு ஸ்டார்டியூவில் நல்ல மைல்கற்கள் இருக்கின்றன. பருவம் ஒவ்வொன்றும் 28 நாள், நான்கு பருவம் ஓர் ஆண்டு. பருவம் மாறிய முதல் நாளில் பழைய பருவத்துப் பயிர் செத்துவிடும், பனிக்காலத்தில் வெளி நிலத்தில் பெரும்பாலும் எதுவும் விளையாது. ஃபார்ம்வில் எடுத்துக்கொள்ளாமல் விட்ட பருவத்தை பரோன் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஊர்ப் பொது மண்டபத்தைச் சீரமைத்து முடிப்பது ஒரு முடிவு. கதையாகப் பார்த்தால் அதுவே இயல்பான முடிவு. மூன்றாம் ஆண்டு வசந்தத்தின் முதல் நாளில் இறந்துபோன தாத்தா வந்து பண்ணையை மதிப்பிட்டு, நான்கு மெழுகுவர்த்திகள் வரை ஏற்றுவார்; அது இன்னொன்று. 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பு நூறு சதவீத நிறைவு என்று மூன்றாவதையும் சேர்த்தது: எல்லா மீனும் பிடித்து, எல்லாச் சமையலும் செய்து, ஒரு கோடிப் பொன் கொடுத்துத் தங்கக் கடிகாரம் வாங்கி, கடைசியில் மலை உச்சிக்கு ஏற வழி திறக்கும்.

இந்த மூன்றில் மூன்றாவதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. அதுவரை போகிறவர்களில் பலர் பாதியிலேயே விளையாட்டை முடித்துவிட்டவர்கள், தங்களுக்கே தெரியாமல். எப்படி என்று பார்க்கலாம். முதல் ஆண்டில் நீர் ஊற்றுவதிலேயே உடல் வலு தீர்ந்துவிடும். இரண்டாம் ஆண்டில் இரிடியம் நீர்தெளிப்பான் வந்தால், ஒன்று 24 கட்டங்களுக்கு அதுவே ஊற்றும். கண்ணாடி வீட்டில் பருவக் கணக்கு இல்லை. அங்கே வைத்த தொல்பழச் செடி முதலில் 28 நாள் எடுத்துக்கொண்டு, பிறகு ஏழு நாளுக்கு ஒருமுறை காய்த்துக்கொண்டே இருக்கும். பழத்தைப் பீப்பாயில் போட்டால் ஒரு வாரத்தில் மது. அதை நிலவறையில் 56 நாள் வைத்தால் விலை இரட்டிக்கும். பணம் மலையாகக் குவிகிறது, வாங்க எதுவும் இல்லை. காலையில் எழுந்து பீப்பாய் பீப்பாயாகக் காலிசெய்து நிரப்பிவிட்டுப் படுப்பது மட்டுமே வேலை. உழவராகத் தொடங்கியவர் இப்போது ஆலை மேற்பார்வையாளர். ஊராரோடு பேசி எத்தனை நாளாகிறது என்றுகூட நினைவிருக்காது. அந்த வேலை ஒருவருக்கு இதமாக இருந்தால் தொடரட்டும், தவறில்லை. ஆனால் அங்கே புதிதாகப் பார்க்க எதுவும் இல்லை என்றால், தாத்தாவின் மெழுகுவர்த்தியோ பொது மண்டபமோ போதும். எல்லா மீனையும் பிடித்தே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இதுவரை போட்ட நேரமும் பணமும் வீணாகிவிடுமே என்ற எண்ணம் இங்கே குறுக்கே வரும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. ஒஹையோ பல்கலைக்கழக அரங்கில் நாடகப் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு இல்லை. நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசின் நினைப்புதான் இழுத்து வந்தது, அதுவும் சில மாதங்களில் மங்கிவிட்டது. பண்ணையில் கழித்த நேரம் அந்த நேரத்திலேயே தன் பயனைத் தந்து முடிந்தது. இன்னும் ஆடுவதால் அது கூடப்போவதில்லை, நிறுத்துவதால் குறையப்போவதும் இல்லை.

மிகச் சிலருக்கு நிலைமை இதையெல்லாம் தாண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முதன்மையாவது, தீங்கு வந்த பிறகும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓர் ஆண்டுக்காவது நீடிக்க வேண்டும் என்கிறது அது. வேலையும் படிப்பும் உறவும் கெடும் அளவுக்குப் போயிருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே வழி. இரவு இரண்டு மணி வரை ஓரிரு வாரம் முலாம்பழம் அறுத்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஆடுகிறவர் நிறுத்தாவிட்டாலும் ஆக்கியவர் நிறுத்தக்கூடும். ஃபார்ம்வில் அடோபியின் ஃபிளாஷ் என்ற மென்பொருளின் மேல் ஓடியது. 2020 முடிவோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதால், 2020 நவம்பர் 17 முதல் காசு வாங்குவது நிறுத்தப்பட்டு, டிசம்பர் 31 அன்று விளையாட்டு மூடப்பட்டது. பதினோரு ஆண்டுக்கும் மேலாகப் பயிர் வைத்தவர்கள் அதுவரையும் இருந்தார்கள். ஜிங்கா அதே பெயரில் வேறு பண்ணைகளை நடத்தியது. 2022இல் டேக்-டூ நிறுவனம் சுமார் 1,270 கோடி டாலருக்கு ஜிங்காவை வாங்கிக்கொண்டது. ஆனால் பழைய பண்ணை யாருக்கும் திரும்பக் கிடைக்காது. அது ஆடியவர் கணினியில் இருந்ததே இல்லை, நிறுவனத்தின் சர்வரில் இருந்தது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 2426 சட்டம் இதைத் தொடுகிறது. விளையாட்டு, படம் போன்றவற்றை இணையத்தில் விற்போர், வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. எப்போதைக்குமாகத் தரவிறக்கி, இணையம் இல்லாமலும் ஆடக்கூடியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பண்ணை எந்த வகை என்பது அதை விடும் விதத்தையும் மாற்றுகிறது. நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் பண்ணை என்றால், விட நினைக்கும்போது பிடித்த காட்சிகளைப் படமாக எடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்டார்டியூ போன்றது என்றால் சேமிப்புக் கோப்புறை சொந்தக் கணினியிலேயே இருக்கும். அதை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு விளையாட்டை நீக்கிவிடலாம். 2024 மார்ச்சில் 1.6 பதிப்பு வந்தபோது பலர் அப்படி வைத்திருந்த பழைய பண்ணைகளைத் திறந்தார்கள், வேறு பலர் புதிதாகத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் அதில் இடம் உண்டு.